கதிரவன் ஒளி மங்கிய ஆண்டுகள்

வரலாற்றுப் பாடநூலைத் திறந்தால் மன்னர்களின் பெயர்கள் வருகின்றன, போர்கள் வருகின்றன, உடன்படிக்கைகள் வருகின்றன, அவற்றிற்குரிய ஆண்டுகளும் வரிசையாக வருகின்றன. அந்த ஆண்டுகளில் மழை பெய்ததா, வெயில் அடித்ததா, வயலில் கதிர் முற்றியதா என்ற வினாவிற்கு அந்நூல்களில் விடை காண்பது அரிது. ஆனால், அரசனும் உண்ண வேண்டும். அவனுடைய படைவீரனும் உண்ண வேண்டும். வரி செலுத்தும் உழவன் தானும் தன் மக்களும் உண்டது போக மிச்சம் இருந்தால்தான் செலுத்த இயலும். ஆதலால் வானம் பொய்த்த ஆண்டுகளுக்கும் வரலாற்றில் இடம் உண்டு. அவ்வாறு வானம் பொய்த்ததற்கு, எங்கோ கடல் கடந்த தீவு ஒன்றில் வெடித்த எரிமலையும் காரணமாக இருந்திருக்கிறது என்பதை இக்கால அறிவியல் எடுத்துக்காட்டியுள்ளது. மலை வெடித்த இடத்தில் வாழ்ந்தவர்கள் மட்டும் அல்லர், அந்த மலையின் பெயரைக்கூடக் கேட்டறியாத மக்களும் அதனால் பசித்திருந்தனர். இது எவ்வாறு நிகழ்ந்தது, இதனை நாம் எவ்வாறு அறிந்தோம், இதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம் என்னும் மூன்றையும் இங்கே முறையாகக் காண்போம்.

எரிமலை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது செந்நிறமாக வழிந்தோடும் நெருப்புக் குழம்பு. அக்குழம்பு அண்டையிலுள்ள ஊர்களை அழிக்கும், காடுகளை எரிக்கும். ஆனால் உலகின் தட்பவெப்பத்தை மாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. அடுத்ததாக நினைவுக்கு வருவது சாம்பல். அது வானத்தை இருளச் செய்யும். கூரைகளின்மேல் விழுந்து அவற்றைச் சரியச் செய்யும். எனினும் அதன் துகள்கள் கனமுடையவை. சில நாட்களிலோ சில வாரங்களிலோ அவற்றுள் பெரும்பகுதி தரையில் படிந்துவிடும். உலகைக் குளிரச் செய்வது, கண்ணுக்குப் புலப்படாத மூன்றாவது பொருள் ஒன்று. அதுவே கந்தக டை ஆக்சைடு என்னும் வாயு.

நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலத்தின் கீழ்ப்பகுதிக்கு அடிவளி மண்டலம் என்று பெயர். மேகமும் மழையும் புயலும் அங்கேதான் நிகழ்கின்றன. ஆலைப் புகையோ அடுப்புப் புகையோ அங்கே கலந்தால், மழை விரைவில் அதனைக் கழுவிவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது அடுக்கு மண்டலம். அங்கே மழை இல்லை. ஆதலால் கழுவுவாரும் இல்லை. ஒரு பெரிய எரிமலை வெடிக்கும்போது அதன் வாயுக்கள் இந்த அடுக்கு மண்டலத்தையே எட்டிவிடுகின்றன. அங்கே கந்தக டை ஆக்சைடு நீராவியோடு கூடிக் கந்தக அமிலத்தின் மிக நுண்ணிய துளிகளாக மாறுகிறது. உயரத்தில் வீசும் காற்று அத்துளிகளைச் சில மாதங்களுக்குள் உலகெங்கும் பரப்பிவிடுகிறது. ஓராண்டு முதல் மூன்றாண்டுகள் வரை அவை அங்கே மிதந்துகொண்டிருக்கும்.

வெயில் படும் சாளரத்தில் மெல்லிய வெள்ளைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டால் அறை இருண்டுவிடுவதில்லை. ஆனால் வெயிலின் உறைப்புக் குறைகிறது. பொருள்களின் நிழல் தெளிவின்றி மங்குகிறது. கந்தக அமிலத் துளிகள் செய்யும் வேலையும் அத்தகையதே. கதிரவன் ஒளியில் ஒரு பகுதியை அவை வானத்திற்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மற்றொரு பகுதியைச் சிதறடிக்கின்றன. எனவே நிலம் பெறும் வெப்பம் குறைகிறது.

வெடிப்பின் பெருமையைக் காட்டிலும் கந்தகத்தின் அளவே முதன்மையானது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு நமக்குக் கற்பித்தன. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் எலன்ஸ் மலை பேரொலியோடு வெடித்தது. ஆயினும் உலகின் வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. 1982-ஆம் ஆண்டில் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தது. இரண்டும் ஏறத்தாழ ஒத்த அளவினவே. ஆனால் எல் சிச்சோன் உமிழ்ந்த கந்தகம் பன்மடங்கு மிகுதி. அதன் விளைவை அறிவியலார் தெளிவாக அளந்தனர். பின்னர் 1991-ஆம் ஆண்டு சூன் திங்களில் பிலிப்பைன்சு நாட்டின் பினாட்டுபோ வெடித்து, ஒன்றரைக் கோடி டன்னுக்குக் குறையாத கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியது. அதனை அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியசு குறைந்தது. நிலப்பகுதிகளில் பெய்த மழையும், ஆறுகள் கடலுக்குக் கொண்டு சென்ற நீரும் அந்த ஆண்டில் குறைந்தன.

அரை டிகிரி என்பது ஒரு பொருட்டா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நான் நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன். ஆதலால் வகுப்பறையிலிருந்தே ஓர் உவமை கூறுகின்றேன். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் ஐந்து குறைந்துவிட்டது என்றால், ஒவ்வொரு மாணவனுக்கும் ஐந்து மதிப்பெண் குறைந்தது என்பது பொருள் அன்று. சிலருக்கு ஒன்றும் குறைந்திராது. சிலர் முப்பது மதிப்பெண் இழந்து தேர்வில் தவறியிருப்பர். உலகச் சராசரியும் அவ்வாறே. எங்கோ ஒரு நாட்டில் மாறுதல் தெரியாது. வேறொரு நாட்டில் கோதுமை முற்றுவதற்கு முன்பே உறைபனி விழுந்துவிடும். இன்னொரு நாட்டில் பருவமழை தவறிவிடும். சராசரி என்னும் சொல்லுக்குள்ளே சில ஊர்களின் பேரிழப்பு மறைந்திருக்கிறது.

இனி, பண்டைக் காலத்தில் நிகழ்ந்த வெடிப்புகளை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பதைக் காண்போம். எரிமலைக்கும் தட்பவெப்பத்திற்கும் தொடர்பு உண்டு என்று எண்ணிப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1783-ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பா முழுவதும் ஒருவகை வறண்ட மூடுபனி நிலவியது. அதன்பின் கடுங்குளிர் வந்தது. அப்போது பாரிசு நகரின் அருகே தங்கியிருந்த பிராங்க்ளின், ஐசுலாந்து எரிமலையின் புகை அதற்குக் காரணமாகலாம் என்று 1784-இல் எழுதினார். அது கூரிய ஊகம்; ஆனால் ஊகமே. அதனைச் சான்றாக மாற்றுவதற்கு இரண்டு சாட்சிகள் தேவைப்பட்டன. ஒன்று பனிக்கட்டி, மற்றொன்று மரம்.

கிரீன்லாந்திலும் தென்துருவ நிலத்திலும் ஆண்டுதோறும் பெய்யும் பனி உருகுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கட்டியாகிறது. நெற்குதிரில் ஆண்டுக்கு ஆண்டு நெல்லைக் கொட்டினால் பழைய நெல் அடியிலும் புதிய நெல் மேலும் இருப்பதுபோல, பனியிலும் பழைய ஆண்டுகள் கீழே இருக்கின்றன. நீண்ட குழாய்களைச் செலுத்தி அப்பனிக்கட்டியை உருளையாக வெட்டி எடுத்து, அடுக்கு அடுக்காக ஆராய்கின்றனர். வானிலிருந்து இறங்கிய கந்தக அமிலம் உரிய ஆண்டின் அடுக்கில் தங்கியிருக்கும். இரு துருவங்களிலும் ஒரே ஆண்டில் அது காணப்பட்டால், வெடித்த மலை பெரும்பாலும் நிலநடுக்கோட்டுப் பகுதியைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். வடதுருவத்தில் மட்டும் காணப்பட்டால், அது வடபுலத்து மலை. சில வேளைகளில் எரிமலைச் சாம்பலின் கண்ணாடித் துகள்களும் பனியில் சிக்கியிருக்கும். அவற்றின் இரசாயன அமைப்பு கைரேகையைப் போன்றது. எந்த மலையிலிருந்து வந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

மரமோ ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்கிறது. நல்ல ஆண்டில் வளையம் அகன்றிருக்கும். குளிர்ந்த ஆண்டில் குறுகியிருக்கும். உயிருள்ள மரம், பழைய கட்டடத்தின் உத்தரம், சேற்றில் புதைந்த கட்டை ஆகியவற்றின் வளையங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கி எண்ணிவிடலாம்.

இவ்விரு சாட்சிகளும் நெடுநாள் ஒத்துப் பேசவில்லை. மரம் ஓர் ஆண்டைக் குளிர்ந்தது என்றால், பனிக்கட்டி அதற்குச் சில ஆண்டுகள் தள்ளி வெடிப்பைக் காட்டியது. 2012-ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர் பூசா மியாக்கே என்பவர், கி.பி. 774-775-இல் வானவெளியிலிருந்து வந்த கதிர்கள் திடீரெனப் பெருகியதற்கான அடையாளத்தை மரவளையங்களில் கண்டறிந்தார். அதே அடையாளம் பனிக்கட்டியிலும் இருந்தது. இரண்டு கடிகாரங்களையும் ஒரே மணியோசையைக் கொண்டு திருத்துவதுபோல, அந்த ஆண்டைக் கொண்டு மைக்கேல் சிகல் முதலான ஆய்வாளர்கள் 2015-இல் பனிக்கட்டியின் கணக்கைத் திருத்தினர். திருத்தியதும் இரு சாட்சிகளும் ஒத்துப்போயின. பெரிய வெடிப்புகளை அடுத்துக் குளிர்ந்த கோடைகள் வந்தமை ஐயத்திற்கு இடமின்றிப் புலனாயிற்று.

இவ்வளவும் அறிந்த பின்பு எகிப்து நாட்டிற்குச் செல்வோம். அந்நாட்டில் மழை மிக அரிது. நைல் ஆற்றின் வெள்ளமே அதன் வாழ்வு. அவ்வெள்ளமோ எகிப்தில் பிறப்பதன்று. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் கோடைக்காலத்துப் பருவமழை பெய்தால் நைல் பெருகும். அங்கே மழை தவறினால் எகிப்தின் வயல்கள் காய்ந்துவிடும். நம் நாட்டிற்குத் தென்மேற்குப் பருவக்காற்று மழை கொணர்வதற்கும் அதற்கும் அடிப்படை ஒன்றே. கோடையில் நிலம் கடலைவிட மிகுதியாகச் சூடேறுவதால் கடலின் ஈரக்காற்று நிலத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. எரிமலைத் திரை கதிரவனை மறைத்தால் நிலம் போதிய அளவு சூடேறாது, காற்றின் இழுப்புத் தளரும், மழை குறையும், நைல் தாழும். இது சங்கிலிபோல் தொடரும் காரண காரியம்.

அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்டவர்கள் தாலமி மரபினர். அவர்களுள் மூன்றாம் தாலமி கிழக்கே சிரியா நாட்டின்மேல் படையெடுத்து வெற்றிமேல் வெற்றி கண்டவர். ஆனால் கி.மு. 245-இல் அவர் போரை நிறுத்திவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது. எகிப்தில் மக்கள் கிளர்ந்தெழுந்ததே காரணம். அவ்வாண்டை ஒட்டி, கி.மு. 247-இலும் 244-இலும் பெரிய வெடிப்புகள் நிகழ்ந்தமையைப் பனிக்கட்டி காட்டுகிறது. பின் அந்த மன்னர் என்ன செய்தார்? கி.மு. 238-இல் கனோப்பசு நகரில் கூடிய பூசாரிகள் வெளியிட்ட ஆணை கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் உள்ளது. நைல் தாழ்ந்த காலத்தில் மன்னரும் அரசியும் வரியில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டனர் என்றும், சிரியா, பினீசியா, சைப்பிரசு முதலிய நாடுகளிலிருந்து மிகுந்த விலை கொடுத்துத் தானியம் வாங்கி மக்களைக் காத்தனர் என்றும் அது கூறுகிறது. அரசனைப் புகழ்வதற்கென எழுதிய கல்வெட்டு ஆதலால் அதனைச் சிறிது குறைத்தே மதிப்பிடல் வேண்டும். எனினும் ஓர் அரசு பஞ்சத்தை எதிர்கொள்ள என்ன செய்தல் தகும் என்று அக்காலத்தவர் எண்ணினர் என்பதற்கு அது நல்ல சான்று. மூன்றாம் தாலமியின் ஆட்சி நிலைத்தது.

இரு நூற்றாண்டுகள் கழிந்தன. கி.மு. 44-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உரோமாபுரியில் சீசர் கொலையுண்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், அலாசுகாவின் தீவுத்தொடரில் உள்ள ஒக்மோக் என்னும் எரிமலை பெருவெடிப்பாக வெடித்து, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளத்தை உண்டாக்கியது. உரோமாபுரிக்கு அது உலகின் மறுகோடி. வடதுருவப் பனியில் சிக்கிய கண்ணாடித் துகள்கள் அந்த மலையினுடையவை என்பதை 2020-இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. அதனை அடுத்த இரண்டாண்டுகளும் வடபுலத்தில் கடந்த 2,500 ஆண்டுகளிலேயே மிகக் குளிர்ந்தவற்றுள் சேர்ந்தவை. சீசர் இறந்த பிறகு கதிரவன் வெளிறித் தோன்றியதையும், கனிகள் சரியாகப் பழுக்காமற் போனதையும் புளூட்டார்க் என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். மக்கள் அதனைத் தெய்வங்களின் சினம் என்று கருதினர்.

அக்காலத்தில் எகிப்தை ஆண்டவர் கிளியோபாட்ரா. அவருடைய ஆட்சியில் ஈராண்டுகள் தொடர்ந்து நைல் பெருகவில்லை என்று செனகா எழுதியிருக்கிறார். பஞ்சம் வந்தது, நோயும் வந்தது. தீபசு நகரின் அதிகாரியான கல்லிமாக்கசு என்பவர் தம் மக்களைப் பட்டினியிலிருந்து காத்தமைக்காக அவருக்கு எடுத்த கல்வெட்டு நமக்குக் கிடைத்துள்ளது. அக்கல்வெட்டு ஓர் உண்மையை உணர்த்துகிறது. பஞ்ச காலத்தில் அரசனைவிட ஊர் அதிகாரி ஒருவரின் நேர்மை மக்களுக்கு மிகுதியாகப் பயன்பட்டிருக்கக்கூடும். கி.மு. 30-இல் எகிப்து உரோமாபுரியின் மாகாணமாயிற்று. அலாசுகாவின் மலைதான் கிளியோபாட்ராவை வீழ்த்தியது என்று சொல்வது மிகைப்பேச்சாகும். உள்நாட்டுப் போரும், கடன் சுமையும், அரசியல் சூழ்ச்சிகளும் இருந்தன. முன்பே தளர்ந்திருந்த வீட்டின்மேல் அந்தப் புயலும் அடித்தது என்று கூறுவதே பொருத்தம்.

அடுத்து நாம் காண வேண்டியது கி.பி. 536-ஆம் ஆண்டு. அந்த ஆண்டில் கதிரவன் நிலவைப்போல் ஒளி குன்றித் தோன்றினான் என்று புரோகோப்பியசு என்னும் வரலாற்றாசிரியர் எழுதினார். இத்தாலியில் உயர் அதிகாரியாக இருந்த காசியோடோரசு, நண்பகலிலும் தம் நிழலைக் காண இயலவில்லை என்றும், வெயிலில் வெப்பம் இல்லை என்றும் தம் கடிதம் ஒன்றில் வியப்போடு குறித்தார். அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகள் அவ்வாண்டில் உணவு தவறியதைச் சொல்கின்றன. சீனத்தின் குறிப்புகள் கோடையில் விழுந்த பனியையும் பஞ்சத்தையும் பதிவு செய்துள்ளன. ஒருவரையொருவர் அறியாத மக்கள், ஒரே துன்பத்தைத் தத்தம் மொழியில் எழுதிவைத்தனர்.

அயர்லாந்தின் கருவாலி மரங்களில் அவ்வாண்டின் வளையம் மிகக் குறுகியிருப்பதை மைக் பெயிலி என்னும் அறிஞர் கண்டார். பனிக்கட்டி ஆய்வோ ஒன்றல்ல, மூன்று வெடிப்புகளைக் காட்டியது. முதலாவது 536-ஐ ஒட்டி வடபுலத்தில் நிகழ்ந்தது. இரண்டாவது 540-ஐ ஒட்டி வெப்ப மண்டலத்தில் நிகழ்ந்தது. 547-ஐ ஒட்டி இன்னொன்றும் நிகழ்ந்தது. 536-ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவின் வெப்பநிலை 1.5 முதல் 2.5 டிகிரி வரை குறைந்தது. ஒரு காயம் ஆறுவதற்கு முன் அதே இடத்தில் மீண்டும் அடிபட்டால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறு இருந்தது அந்நூற்றாண்டின் நிலை. அக்குளிர் 660 வரையிலும் நீடித்தது என்பர் மரவளைய ஆய்வாளர். வட ஐரோப்பாவில் சுவீடன், நார்வே முதலிய பகுதிகளில் பல சிற்றூர்கள் கைவிடப்பட்டமையை அகழ்வாராய்ச்சி காட்டுகிறது. இடையில் கோடையே வாராது மூன்று குளிர்காலங்கள் தொடரும் என்று அந்நாட்டுப் பழங்கதை ஒன்று கூறுவதுண்டு. அது இக்காலத்தின் நினைவாக இருக்குமோ என்று அறிஞர் சிலர் ஐயுறுகின்றனர்.

இத்தாலியின் நிலையைச் சற்று ஊன்றிக் காணல் வேண்டும். காசியோடோரசின் கடிதம் வெறும் வியப்போடு நின்றுவிடவில்லை. முந்திய ஆண்டு விளைச்சல் மிகுதியாக இருந்தது. அந்தச் சேமிப்பைக் கொண்டு இவ்வாண்டின் குறையை நிரப்புக என்று அவர் தம் துணை அதிகாரிக்குக் கட்டளையிட்டார். கதிரவன் ஏன் மங்கினான் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியும். காரணம் தெரியாவிடினும் கடமை தெரிந்த அதிகாரி அவர். இருந்தும் இத்தாலி தப்பவில்லை. ஏனெனில் அப்போது அங்கே பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. உழவர் வயலை விட்டு ஓடினர். பிசேனம் என்னும் ஒரு மாவட்டத்தில் மட்டும் ஐம்பதாயிரத்துக்குக் குறையாத உழவர் பசியால் மாண்டனர் என்று கேள்வியுற்றதாகப் புரோகோப்பியசு எழுதுகிறார். அப்பஞ்சத்திற்குக் காரணமாக அவர் கூறுவது மங்கிய கதிரவனை அன்று, உழப்படாத நிலத்தை. வானம் செய்த கொடுமையும் மனிதன் செய்த கொடுமையும் ஒரே வயலில் சந்தித்தன. எது எவ்வளவு என்று பிரித்து அளப்பது எளிதன்று.

541-இல் எகிப்தின் கடற்கரையில் தோன்றிய கொள்ளைநோய் அடுத்த ஆண்டில் தலைநகரான கான்சுடாண்டிநோபிளை அடைந்தது. குளிரும் பசியும் அந்நோய்க்கு வழிகோலின என்று சிலர் கூறுவர். அதனை ஒப்பாதவரும் உளர். இங்கேதான் மாணவர்கள் விழிப்பாக இருத்தல் வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததே. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் என்று துணிந்துவிடலாகாது. 540-ஆம் ஆண்டு வெடிப்பு நடு அமெரிக்காவின் இலோபாங்கோ மலையினுடையது என்று ஒருகாலத்தில் பலர் கருதினர். ஆனால், அம்மலை வெடித்தது 431-ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நூறாண்டு இடைவெளி! பனம்பழம் விழுந்தது உண்மை, காக்கைதான் வேறு. சான்று வலிமையுற்றபோது முன்னைய முடிவைக் கைவிடுவதே அறிவியலின் பெருமை.

இறுதியாக மிகப் பழையதும் மிகப் பெரியதுமான ஒரு வெடிப்பைக் காண்போம். சுமத்திராத் தீவில் தோபா என்னும் ஏரி உள்ளது. அதன் நீளம் 100 கிலோமீட்டர். அகலம் 30 கிலோமீட்டர். அது சாதாரண ஏரி அன்று; சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய். அவ்வெடிப்பு பினாட்டுபோவைப்போல் பல நூறு மடங்கு பெரியது. அதன் சாம்பல் வங்கக் கடலைக் கடந்து இந்திய நிலப்பரப்பின்மேல் விழுந்தது. நம் நாட்டின் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் அது இன்றும் வெண்மையான படிவமாகக் காணப்படுகிறது.

இவ்வெடிப்பால் உலகெங்கும் பல ஆண்டுகள் கடுங்குளிர் நிலவியது என்றும், மனித இனமே சில ஆயிரம் பேராகக் குறைந்து அழிவின் விளிம்பிற்குச் சென்றது என்றும் 1990-களில் சிலர் கூறினர். அக்கருத்து விரைவில் எங்கும் பரவியது. ஆனால் ஆந்திர மாநிலத்தின் சுவாலாபுரம் என்னும் சிற்றூரில் மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் முதலான ஆய்வாளர்கள் அகழ்ந்தபோது வேறொரு காட்சி புலப்பட்டது. தோபாச் சாம்பலுக்குக் கீழே கற்கருவிகள் இருந்தன. அதே சாம்பலுக்கு மேலேயும் ஒத்த வகையான கற்கருவிகள் இருந்தன. 2007-இல் அவர்கள் தம் முடிவை வெளியிட்டனர். வானத்திலிருந்து சாம்பல் கொட்டிய பின்னும், அக்கருவிகளைச் செய்யும் கலை அழியாமல் தொடர்ந்தது என்பதே அதன் பொருள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் வண்டலிலும் தோபாவின் துகள்கள் கிடைத்தன. ஆனால் கடுங்குளிரின் அடையாளம் அங்கே இல்லை. தென்னாப்பிரிக்கக் கடற்கரைக் குகை ஒன்றில் வாழ்ந்த மக்கள் அக்காலத்தில் நன்கு வாழ்ந்தனர் என்பதை 2018-இல் வந்த ஆய்வு தெரிவித்தது. தோபாவைப் பற்றிய விவாதம் முடிந்துவிடவில்லை. ஆயினும் மனித இனம் முழுவதும் அழிவின் விளிம்பில் நின்றது என்ற கூற்று முன்போல் வலிமை உடையதாக இல்லை.

இப்போது மூன்று நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மிகப் பெரிய வெடிப்பு தோபா. அதன் நிழலிலும், உணவைப் பல வகையிலும் பல இடத்திலும் தேடிக்கொள்ளத் தெரிந்த வேடர்கள் பிழைத்தனர். ஒக்மோக் அதனினும் எத்தனையோ மடங்கு சிறியது. ஆனால் ஒரே ஆற்றையும் ஒரே அறுவடையையும் நம்பியிருந்த எகிப்து தடுமாறியது. அதே எகிப்து முன்பொருமுறை வரியைத் தள்ளியும் அயல்நாட்டுத் தானியத்தை வருவித்தும் தப்பியிருந்தது. 536-இல் இத்தாலியின் களஞ்சியத்தில் தானியம் இருந்தது. ஆனால் அதனை மக்களின் கைக்குக் கொண்டு சேர்க்கும் அமைதி நாட்டில் இல்லை. ஆகவே வெடிப்பின் அளவு மட்டுமே துன்பத்தின் அளவைத் தீர்மானிப்பதில்லை. மலை வெடிப்பது இயற்கையின் செயல். அதன் பின் யார் உண்பர், யார் பட்டினி கிடப்பர் என்பது பெரும்பாலும் மனிதரின் ஏற்பாடு.

ஒரு ஐயத்தையும் தீர்த்துவிடுகிறேன். உலகம் வெப்பமாகி வருகின்ற இந்நாளில் எரிமலை வெடித்தால் நன்மைதானே என்று கேட்பவர் உண்டு. எரிமலை தரும் குளிர்ச்சி இரண்டு மூன்று ஆண்டுகளில் மறைந்துவிடும். நாம் காற்றில் கலந்துள்ள கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். அன்றியும் அக்குளிர்ச்சி தனியாக வருவதில்லை. மழைக்குறைவையும் உடன் அழைத்து வருகிறது. பருவமழையை நம்பி வாழும் நாடுகளுக்கு அது மருந்து ஆகாது.

பெரிய எரிமலைகள் இனியும் வெடிக்கும். அதனைத் தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை. ஆனால் முன்னோர்க்கு இல்லாத வசதிகள் நமக்கு உண்டு. பினாட்டுபோ வெடிக்கப்போவதை அறிவியலார் முன்கூட்டியே அறிந்து சொன்னமையால் பல்லாயிரம் மக்கள் உரிய காலத்தில் வெளியேற்றப்பட்டனர். செயற்கைக்கோள்கள் வானில் பரவும் கந்தகத்தை அளந்து, அடுத்த ஆண்டின் மழையைப் பற்றி முன்னறிவிப்புத் தர உதவுகின்றன. காசியோடோரசுக்குத் தெரியாத காரணம் நமக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்திருந்த கடமையையும் நாம் மறவாதிருத்தல் வேண்டும். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் களஞ்சியத்தை நிரப்புதல், ஒரே பயிரையும் ஒரே ஆற்றையும் நம்பியிராமை, ஒரு நாட்டின் குறையை மற்றொரு நாட்டின் மிகுதி நிரப்பும் வகையில் நட்பைப் பேணுதல், எல்லாவற்றிற்கும் மேலாகக் களஞ்சியத்திற்கும் அடுப்பிற்கும் இடையிலுள்ள பாதையில் போர் புகாமல் காத்தல் ஆகிய இவையே அக்கடமை.

மாணவர்களே, அடுத்த முறை வரலாற்றுப் பாடத்தில் ஒரு பஞ்சத்தையோ கிளர்ச்சியையோ படிக்கும்போது, அவ்வாண்டின் வானம் எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதோடு நில்லாது, அவ்வாண்டின் களஞ்சியம் யார் கையில் இருந்தது என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். முதற் கேள்விக்குப் பனிக்கட்டியும் மரமும் விடை கூறும். இரண்டாவது கேள்விக்கு விடை தேடுவதற்கே வரலாறு கற்கிறோம்.